தங்கை பக்கவாத்தியம் அல்ல!

1933-ம் ஆண்டு. பாரிஸ் நகரை அடுத்த வில் தாவ்ரே என்ற சிற்றூரில் ஓர் அமெரிக்கக் குடும்பம் குடியிருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் யெஹுதி, வயது 17. அடுத்தவள் ஹெப்சிபா, வயது 13. கடைக்குட்டி யால்டா, அவளுக்கு 12 வயது. மூத்தவன் கையில் வயலின். பெண்கள் இருவருக்கும் பியானோ.

அந்த வருடம் அண்ணனும் மூத்த தங்கையும் சேர்ந்து ஹெச்.எம்.வி. கம்பெனிக்காக வாசித்தார்கள். வாசித்தது மொஸார்ட் இயற்றிய ஒரு சொனாட்டா. அதற்கு முன் இருவரும் எந்தப் பொது மேடையிலும் ஜோடியாக உட்கார்ந்தது கிடையாது. வீட்டுக் கூடத்தில் வாசித்ததோடு சரி. அப்படியிருந்தும், வெளியான அந்த முதல் இசைத்தட்டுத் தொகுதிக்கு, அவ்வாண்டின் சிறந்த இசைத்தட்டு என்று பிரான்ஸ் நாட்டின் 'கான்டீட்' பரிசு கிடைத்தது. பாவாடை சட்டை வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய சம்பவம்!

அண்ணனை நமக்குத் தெரியும். யெஹுதி மெனுஹின் என்ற பெயர் பம்பாய்த் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1952-ல் பண்டித நேருவின் அழைப்பின் பேரில் அவர் இந்தியா வந்தார். பம்பாய் ராஜ்பவனில் தங்கியிருந்தபோது, புனாவிலிருந்து ஓர் யோகாசன ஆசிரியர் அவரைப் பார்க்க வந்தார். ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்த சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. அந்த ஆசிரியர்தான் பெல்லூர் பி.கே.எஸ். ஐயங்கார். பிற்பாடு மெனுஹின் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்து, அதில் 'என் மிகச் சிறந்த வயலின் ஆசிரியருக்கு' என்ற பொருளில் எழுத்துப் பொறித்துக் கொடுத்தார். ஐயங்கார் வயலினைத் தொட்டவரல்ல என்பது வேறு விஷயம். 1965-ல் எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமனின் வாசிப்பைக் கேட்டு மனம் கொடுத்து, இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்கு அளித்தவரும் இவரே. ரவிசங்கருடன் சேர்ந்து இவர் தந்த 'மேற்கு கிழக்கைச் சந்திக்கிறது' என்ற இசைத்தட்டு உலகம் சுற்றியது.

சரி, தங்கையை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கட்டுரை அவருக்காக.

பள்ளிக்கூடம் ஐந்து நாள்!

தகப்பனார் மோஷே மெனுஹின், அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் யூதப் பிள்ளைகளுக்கு ஹீப்ரு மொழி கற்பிக்கும் பள்ளிகளில் பணியாற்றியவர். தாயார் மருதா. (நம் ஊர்ப் பெயர் போலவே ஒலிக்கிறது, பாருங்கள்.) மூத்த பிள்ளை ஏழு வயதிலேயே மேடை ஏறிவிட்டான். 1929-ல், பதின்மூன்று நிரம்புவதற்குச் சில தினங்கள் முன்பு, பெர்லினில் புரூனோ வால்டர் நடத்திய வாத்தியக் குழுவுடன் பாக், பீதோவன், பிராம்ஸ் ஆகிய மூவரின் கச்சேரிப் படைப்புகளை ஒரே இரவில் வாசித்து நகரையே கலக்கினான். அப்புறம் குடும்பத்துக்கு ஏது ஓரிடம்? பிள்ளையின் கச்சேரியும் குருவும் எங்கேயோ, குடும்பமும் அங்கே.

ஹெப்சிபா 1920 மே 20-ம் தேதி பிறந்தவள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஐந்தே நாள். 'படிப்பில் பின்தங்கிய குழந்தை' என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. பெற்றோர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்து தாங்களே கற்பித்தார்கள். அதே குழந்தை எட்டாவது வயதில், 1928-ல், ஸான்பிரான்ஸிஸ்கோவில் தனிக் கச்சேரி செய்தது! பிறகு பாஸல் நகரில் ருடால்ப் ஸெர்கினிடமும், பாரிஸில் மார்ஸெல் சியாம்பியிடமும் சிட்சை. இருவரும் அக்காலப் பியானோ உலகில் சாமானியர்கள் அல்லர்.

ஆனால் ஒரு சங்கதி. பெண்கள் வாசிக்கட்டும், நன்றாகவே வாசிக்கட்டும்; அதைத் தொழிலாகக் கொள்ள வேண்டாம், கல்யாணம்தான் அவர்களுக்கு வாழ்க்கை என்பது தாயாரின் எண்ணம். ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போய், அங்கிருந்து பிரான்ஸ் வந்த அம்மாள். மயிலாப்பூரிலிருந்து மாதுங்கா வந்த நம் பாட்டிமார்களை விட அதிகம் ஊர் சுற்றியவர். எண்ணம் மட்டும் அதே எண்ணம்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் அந்த இசைத்தட்டு வெளிவந்தது.

யாருக்கு யார் துணை?

சபாவில் கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு ஒரு கணக்கு உண்டு. நடுவில் பாடகர். பக்கத்தில் வயலின், மிருதங்கம். நடுவில் இருப்பவர் ராஜா, மற்றவர்கள் பக்கவாத்தியம். மேல்நாட்டுக் கச்சேரி ஒன்றின் படத்தைப் பார்த்தால் அதே கணக்கைத்தான் போடுவோம். வயலின்காரர் நிமிர்ந்து நிற்கிறார். பியானோக்காரர் ஓரமாக உட்கார்ந்து பக்கவாட்டு முகம் காட்டுகிறார். ஆகவே நிற்பவர் வித்வான், உட்கார்ந்திருப்பவர் துணை! மேல்நாட்டிலும் பலர் இப்படித்தான் நினைத்தார்கள். இசைத்தட்டின் நடுக் காகிதத்தில் வயலின் வித்வான் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். 'பியானோ இன்னார்' என்பது கீழே சிறிய எழுத்தில் கிடக்கும்.

மொஸார்ட் விஷயத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். 1764-ல், எட்டு வயதில், இதே பாரிஸ் நகரில் அவருடைய முதல் படைப்புகள் அச்சேறின. அவை விசைப்பலகை வாத்தியத்துக்கான சொனாட்டாக்கள். 'வயலின் துணையுடனும் வாசிக்கலாம்' என்று முகப்பில் குறிப்பு. அதாவது பியானோவின் முன்னோடியான வாத்தியம்தான் பிரதானம். வயலின் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி!

அங்கிருந்து வளர்ந்து, 1787-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ம் தேதி வியன்னாவில் அவர் முடித்ததுதான் நாம் சொல்லும் சொனாட்டா. மொஸார்டின் படைப்புகளுக்கு வரிசை எண் உண்டு. இதற்கு எண் 526. இதிலே யாரும் யாருக்கும் துணையல்ல. முதல் ஸ்வரத்திலேயே இரண்டு வாத்தியங்களும் ஒன்றாகப் புறப்படுகின்றன. முதல் பகுதி விறுவிறுப்பானது. நம் காதுக்குத் திஸ்ர நடை போல, மும்மூன்றாகத் துள்ளி ஓடும். நடுப்பகுதி சௌக்கம். பியானோவில் ஒரு நடை அளந்து அளந்து போகிறது. வயலின் அதன்மேல் ஒன்றிரண்டு சொல் சொல்லிவிட்டு நிறுத்துகிறது. பிறகு இடம் மாறிக் கொள்கிறார்கள். கடைசிப் பகுதிதான் ஆபத்து. துரித காலம். பியானோவுக்கு மூச்சு விட இடமில்லாமல் ஸ்வரங்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. பியானோ ஓர் இம்மி தயங்கினால் வயலின் விழும். வயலின் ஓர் இம்மி முந்தினால் பியானோ விழும்.

அந்தக் கடைசிப் பகுதியைத்தான் பதின்மூன்று வயதுச் சிறுமி வாசித்திருக்கிறாள். அண்ணனுக்கு வழி விட்டு ஒதுங்கவில்லை. அவனை மூழ்கடிக்கவும் இல்லை. பல இடங்களில் அவள்தான் ஓட்டுகிறாள்; அவன் ஏறி உட்கார்ந்து வருகிறான். ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால் எஞ்சின் எது, பெட்டி எது என்று கடைசி வரை நிச்சயிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயலினை நாம் நம்முடையதாக்கிக் கொண்டு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதற்குக் கர்நாடக சங்கீதத்தில் ஆசனம் போட்டுக் கொடுத்தார்கள். பியானோவுக்கு அந்த ஆசனம் கிடைக்கவில்லை. காரணம் எளிது. பியானோவில் ஸ்வரஸ்தானங்கள் கட்டி வைத்தது கட்டி வைத்ததுதான், கமகம் பிடிக்காது. அதன் சிறிய உறவினரான ஹார்மோனியத்தையே 1940 முதல் 1971 வரை ஆல் இந்தியா ரேடியோ வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. ஆகவே வயலினும் பியானோவும் சேரும்போது வளைந்து கொடுக்க வேண்டியது வயலின்தான். விரல் வைக்கும் இடத்தை மயிரிழை மாற்றிப் பியானோவின் சுருதிக்கு இணங்கிப் போக வேண்டும். பிரபல வித்வானான அண்ணன் பள்ளிக்கூடம் போகாத தங்கையின் சுருதிக்கு இணங்கிப் போன இசைத்தட்டு இது என்று சொன்னாலும் தப்பில்லை.

நாலரை நிமிஷக் கெடு

இன்று ஒலிப்பதிவு என்றால் ஒரு வரியைப் பத்து தடவை பாடி, நல்லதைப் பொறுக்கி ஒட்டிவிடலாம். 1933-ல் ஒட்டு வேலை கிடையாது.

ஒலிவாங்கிக்கு எதிரே கலைஞர்கள். அடுத்த அறையில் கனத்த மெழுகுத் தட்டு ஒன்று சுழலும். வாசிக்க வாசிக்க ஓர் ஊசி அதில் பள்ளம் கீறிக்கொண்டே போகும். பெரிய அளவான பன்னிரண்டு அங்குலத் தட்டிலும் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிஷத்துக்கு மேல் கொள்ளாது. அதற்குள் ஒருவர் கை தவறினால் அந்த மெழுகு வீண், முதலிலிருந்து மறுபடி. சரியாக வாசித்தோமா என்று உடனே போட்டுக் கேட்கவும் வழியில்லை. மெழுகை ஒரு முறை ஓட்டினால் பள்ளம் சிதைந்துவிடும். பிறகு அதிலிருந்து தட்டு அடிக்க முடியாது. நன்றாக வந்தது என்ற நம்பிக்கையில் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இந்த சொனாட்டா முழுவதையும் வாசிக்க இருபது நிமிஷத்துக்குக் குறையாது. ஆகவே துண்டு துண்டாக வெட்டித்தான் பதிய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சங்கீதத்தை எங்கே நிறுத்துவது, அடுத்த பக்கத்தில் அதே வேகத்தில், அதே பாவத்தில் எப்படித் தொடங்குவது? பாடகர் பல்லவியை நடுவில் விட்டுவிட்டுக் காபி சாப்பிட்டு வந்து, விட்ட அட்சரத்திலேயே எடுப்பது போன்ற வித்தை. ஒருவருக்கே கஷ்டம். இரண்டு பேருக்கு எப்படி?

இங்கேதான் கூடப் பிறந்தவர்கள் என்ற பலம் உதவியிருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள். தாங்கள் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போன்ற ஆன்மாக்கள் என்ற கருத்தில் யெஹுதி பின்னாளில் சொல்வதுண்டு. ஒத்திகையில் அவர்களுக்குப் பேச்சே தேவைப்படவில்லையாம். நம்மிடமும் உதாரணம் இல்லாமலில்லை. கர்நாடக வயலின் மேதை டி.என். கிருஷ்ணனும், ஹிந்துஸ்தானி முறையில் பெயர் பெற்ற அவர் தங்கை என். ராஜமும் சேர்ந்து வாசித்ததைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். இரண்டு வேறு பாணிகள், வீடு ஒன்று.

இளைய வாசகர்களுக்கு ஒரு துணுக்கு: 'ஆல்பம்' என்ற சொல்லே இப்படி வந்ததுதான். பல தட்டுகளில் பரவிய ஒரே படைப்பை, போட்டோ ஆல்பம் போலப் பக்கத்துக்கு ஓர் உறையாகத் தைத்த கனமான அட்டைப் புத்தகத்தில் வைத்து விற்றார்கள். புத்தகம் போய், தட்டும் போய், பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இந்தியாவின் பங்கும் அதில் உண்டு. அக்காலத் தட்டுகள் அரக்கால் ஆனவை. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தையிலும் சிறு பூச்சிகள் கட்டும் அரக்கைச் சுரண்டி, உருக்கி, கப்பலேற்றினார்கள். உலகத்துக்கு அரக்கு கொடுத்த நாடுகளில் முதலிடம் நமக்குத்தான். மொஸார்ட் வியன்னாவில் எழுதி, அமெரிக்கப் பிள்ளைகள் பிரான்ஸில் பயின்று, ஆங்கிலக் கம்பெனி வெளியிட்ட சங்கீதத்தைத் தாங்கிய அரக்கில், நம் ஆதிவாசிப் பெண்கள் கூடை சுமந்து கொண்டு வந்ததும் கலந்திருக்கும். அரக்குத் தட்டு கை தவறினால் கண்ணாடி போல உடையும். பார்சல் ஆபீஸில் 'உடையும் பொருள்' என்று சீட்டு ஒட்டும்போதெல்லாம் எனக்கு இந்தத் தட்டுகளின் ஞாபகம் வருவதுண்டு.

எங்கள் பகுதியில் ஒரு பார்ஸி பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி. அவர் வீட்டில்தான் இந்த வாசிப்பை நான் முதலில் கேட்டேன். பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்கு மாற்றிய பதிவு. எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற இரைச்சலுக்கு நடுவே பியானோ வந்தது. 'பையனைக் கேட்காதே, பெண்ணைக் கேள்' என்று அவர் ஹிந்தியில் சொன்னார். அப்படிக் கேட்கப் பழகிய பிறகுதான் எனக்கு இந்த சங்கீதத்தில் வாசல் திறந்தது.

இன்னொரு அண்ணன் தங்கை, இல்லை, அக்கா தம்பி

மொஸார்டுக்கும் கூடப் பிறந்தவள் ஒருத்தி உண்டு. மரியா அன்னா, வீட்டில் செல்லப் பெயர் நானெர்ல். 1751-ல் பிறந்தவள், தம்பியை விட நான்கரை வயது மூத்தவள். விசைப்பலகை வாசிப்பில் சூரப்புலி. 1763 முதல் மூன்று வருஷ காலம் தகப்பனார் லியோபோல்ட் இரண்டு குழந்தைகளையும் கோச்சு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவின் அரண்மனைகள் எல்லாம் சுற்றி வந்தார். பாரிஸ், லண்டன் எங்கும் இருவருக்கும் கைதட்டல்.

1769 டிசம்பரில் தகப்பனார் பிள்ளையை மட்டும் இத்தாலிக்கு அழைத்துப் போனார். பெண்ணுக்கு வயது 18. கல்யாண வயது. இனி ஊர் ஊராக மேடை ஏறுவது தகாது. அவள் தாயுடன் ஸால்ஸ்பர்க்கிலேயே தங்கினாள். பிறகு பியானோ சொல்லிக் கொடுத்தாள். 1784-ல் ஒரு சிற்றூர் அதிகாரிக்கு வாழ்க்கைப்பட்டாள். 1787 மே மாதம் தகப்பனார் இறந்தார். அதே ஆகஸ்டில் தம்பி எழுதி முடித்ததுதான், பியானோவும் வயலினும் சரிசமமாகப் பேசும் இந்த சொனாட்டா. இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் இல்லை. தேதிகளைச் சொல்கிறேன், அவ்வளவே.

நூற்றைம்பது வருஷம் கழித்து ஹெப்சிபாவின் வாழ்க்கையிலும் 18 என்ற அந்த எண் வந்து நின்றது.

பண்ணை வீட்டில் பியானோ

இசைத்தட்டு வெற்றி பெற்றது. 1934 அக்டோபரில் பாரிஸின் ஸால் ப்ளேயல் மண்டபத்தில் அண்ணனும் தங்கையும் முதன்முறையாகப் பொது மேடையில் ஜோடியாக வாசித்தார்கள். வழக்கத்தில் மேடையில் பெயர் எடுத்த பிறகு இசைத்தட்டு வரும்; இவர்களுக்கு இசைத்தட்டு முந்திக் கொண்டது! பின்னர் லண்டன், நியூயார்க். தட்டுகளும் தொடர்ந்து வந்தன. பீதோவனின் 'க்ராய்ட்ஸர்' சொனாட்டா, ஷூமன், ஸேஸார் ஃப்ராங்க், யெஹுதியின் குருவான ருமேனிய மேதை எனெஸ்கு இயற்றிய மூன்றாவது சொனாட்டா என்று ஒவ்வொன்றும் பெரிய படைப்பு. அந்தப் பெண் இன்னும் இருபது தொடவில்லை.

1938-ல் லண்டனில் ஒரு கச்சேரிக்குப் பிறகு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அண்ணன் தங்கை இருவர் அறிமுகமானார்கள்: லிண்ட்ஸே நிக்கொலஸ், நோலா நிக்கொலஸ். தலைவலிக்கு நம் பெட்டிக்கடைகளில் ஒரு காலத்தில் விற்ற 'ஆஸ்ப்ரோ' மாத்திரை நினைவிருக்கிறதா? அந்த மாத்திரைக் குடும்பத்துப் பிள்ளைகள். சில மாதங்களுக்குள் யெஹுதி நோலாவை மணந்தார். ஹெப்சிபா லிண்ட்ஸேயை மணந்தார். நம் வழக்கில் சொன்னால் கொண்டு கொடுத்த சம்பந்தம்.

பதினெட்டு வயது ஹெப்சிபா, தனிக் கலைஞராக வளர இருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு, ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் உட்பகுதியில் இருந்த ஆட்டுப் பண்ணைக்குக் குடித்தனம் போனார். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, கம்பளி ஆடுகள். யாரும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை. விரும்பித்தான் போனார். ஆனால் அதே ஆண்டில் அண்ணனும் கல்யாணம் செய்து கொண்டாரே, அவர் வயலினை விடும் பேச்சு எழுந்ததா? எழவில்லை. வீட்டாரும் நினைக்கவில்லை, ஊராரும் நினைக்கவில்லை. இசைத்தட்டில் சமமாக இருந்தவர்கள் வாழ்க்கையில் வேறு வேறு தண்டவாளத்தில் விடப்பட்டார்கள்.

பியானோ மட்டும் பண்ணைக்கும் போயிற்று. இரண்டு ஆண் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே சாதகத்தை விடவில்லை. சுற்று வட்டாரத்துக் குழந்தைகளுக்காக நடமாடும் நூலகம் ஒன்றும் நடத்தினார். ஐந்து நாளில் பள்ளிக்கூடம் அனுப்பி வைத்த பெண்! மெல்போர்ன், ஸிட்னி வாத்தியக் குழுக்களுடன் வாசித்தார். 1940-ல் அண்ணன் ஆஸ்திரேலியா வந்தபோது மறுபடி ஜோடி சேர்ந்தார்கள். இடையில் உள்ள வருஷங்கள் ஒன்றுமே நடக்காதது போல வாசிப்பு பொருந்திப் போயிற்று.

யுத்தம் முடிந்தது. 1947-ல் அண்ணனும் தங்கையும் பிராக் நகரில் வாசிக்கச் சென்றார்கள். பிராக்குக்கு அருகில்தான் தெரேஸியன்ஸ்டாட். யூதர்களை ஹிட்லர் ஆட்சி அடைத்து வைத்திருந்த இடம். ஹெப்சிபா அதைப் போய்ப் பார்த்தார். முதல் இசைத்தட்டு வெளிவந்த 1933-தான் ஹிட்லர் பதவிக்கு வந்த ஆண்டும். பெர்லினுக்கு வந்து வாசிக்கும்படி அந்த ஆண்டு வந்த அழைப்பை யெஹுதி மறுத்திருந்தார். தாம் பாரிஸில் அண்ணனுடன் நிம்மதியாக வாசித்துக் கொண்டிருந்த நாட்களில் விதைத்தது என்னவாக விளைந்தது என்பதை ஹெப்சிபா அந்த முகாமில் கண்டார். அதன்பின் ஆட்டுப் பண்ணை வாழ்க்கை அவருக்குப் பொருந்தவில்லை.

1950-களில் அந்த மண வாழ்க்கை முடிந்தது. ரிச்சர்டு ஹௌஸர் என்ற சமூகவியல் அறிஞரை மணந்து 1957-ல் லண்டனில் குடியேறினார். மனித உரிமைக்கான ஒரு மையத்தைக் கணவருடன் சேர்ந்து நடத்தினார். சிறுபான்மையினர், பெண்கள், கவனிப்பாரற்ற குழந்தைகள் என்று அவர் வேலை விரிந்தது. 1977-ல் அமைதிக்கும் விடுதலைக்குமான பெண்கள் சர்வதேச சங்கத்தின் பிரிட்டிஷ் கிளைக்குத் தலைவரானார். சங்கீதத்தை விட இந்த வேலையைத்தான் பெரிதாக மதித்தார். இதற்காக வருத்தப்படும் ரசிகர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துப் போகவில்லை. 18 வயதில் கல்யாணத்துக்காக விட்டதற்கு வேண்டுமானால் வருத்தப்படலாம். 37 வயதில் தாமே தேர்ந்தெடுத்த வேலைக்கு ஏன் வருத்தப்பட வேண்டும்?

அண்ணனோடு வாசிப்பதை மட்டும் அவர் கடைசி வரை நிறுத்தவில்லை. பிரெஞ்சு செல்லோ கலைஞர் மோரிஸ் ஜான்ட்ரானும் சேர்ந்து கொண்டு மூவராகப் பல கச்சேரிகள். மொஸார்டின் பியானோ கான்செர்ட்டோக்களை அவர் வாசிக்க, யெஹுதி வயலினைக் கீழே வைத்துவிட்டு வாத்தியக் குழுவை நடத்தினார். அங்கே தங்கை நடுநாயகம், அண்ணன்தான் துணை. 1979-ல் லண்டனில் இருவரும் கடைசியாகச் சேர்ந்து மேடை ஏறினார்கள். நோய் அவரைப் பற்றியிருந்த நேரம் அது. 1981 ஜனவரி முதல் தேதி ஹெப்சிபா லண்டனில் காலமானார். வயது 60. அண்ணன் அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்து, 1999 மார்ச் 12-ம் தேதி பெர்லினில் மறைந்தார்.

அடுத்த தங்கை யால்டாவுக்கும் ஒரு வரி சொல்லாமல் விடக்கூடாது. அவரும் தேர்ந்த பியானோ கலைஞர். 2001-ல் காலமானார். முதல் தங்கையையே அறியாத உலகம் இரண்டாவது தங்கையை எங்கே அறியப் போகிறது!

கேட்க விரும்புவோருக்கு

2016-ல் யெஹுதியின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டபோது, அண்ணனும் தங்கையும் சேர்ந்து வாசித்த பதிவுகளை ஒன்று திரட்டித் தனித் தொகுதியாக வெளியிட்டார்கள். காலா கோடாவில் நாம் இசைத்தட்டு வாங்கிய 'ரிதம் ஹவுஸ்' கடை அதே 2016-ல் மூடப்பட்டுவிட்டது. அதனால் என்ன, இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. மெனுஹின் பெயரையும் மொஸார்ட் 526 என்ற எண்ணையும் போட்டால் போதும். 1933-ம் ஆண்டுப் பதிவுதானா என்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்.

தாதரில் வண்டி ஏறினால் தாணா வருவதற்குள் முழுவதும் கேட்டுவிடலாம். பின்னணியில் இரைச்சல் இருக்கும். இரண்டு நிமிஷத்தில் காது பழகிவிடும். முதல் தடவை பெரியவர் எனக்குச் சொன்னபடி பியானோவை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை வயலின். நடுப்பகுதியில், பியானோ தனியாக நடந்து போகும் இடத்தில், வயலின் எப்போது வந்து சேர்ந்தது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். எனக்கு நாலு தடவை ஆயிற்று.